மதுரை–மிரி: 4,005 கிலோமீட்டர் சரிதான், ஐந்தரை மணி நேரம்தான் இடிக்கிறது

நீங்கள் கேட்டது இதுதான். மதுரை விமான நிலையத்துக்கும் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இருக்கும் மிரி விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? தூரம் கணக்குப் போடும் தளம் ஒன்று 4,005 கிலோமீட்டர், 5 மணி 30 நிமிடம் என்கிறது. டிக்கெட் தேடினால் 14 மணி நேரம், 19 மணி நேரம், ஒன்றில் 27 மணி நேரம் என்று வருகிறது. இதில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னும் சில விவரங்களும் சொல்லியிருக்கிறீர்கள். தங்கைக்கு மிரியில் பிரசவம். திருமங்கலத்தில் இருக்கும் 67 வயது அம்மா பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறார், அவருக்கு இது முதல் விமானப் பயணம். நீங்கள் சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது கிலோமீட்டர் கணக்கு அல்ல. அம்மா வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் எத்தனை மணி நேரம் கழித்துத் தங்கை வீட்டு வாசலில் நிற்பார், நடுவில் எங்கே சிக்கல் வரும் என்பதுதான் வேண்டும். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். நான் இங்கே சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஃப்ளைட் டிஸ்பாட்ச் வேலை பார்த்தவன். விமானம் எந்த வழியில் போக வேண்டும், எத்தனை நிமிடம் ஆகும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து திட்டம் போட்டு விமானியின் கையில் கொடுக்கிற வேலை.

முதலில் தூரம், அதில் சந்தேகமே இல்லை. மதுரை நிலையம் ஏறக்குறைய வடக்கே 9.8 பாகை, கிழக்கே 78.1 பாகையில் இருக்கிறது. மிரி வடக்கே 4.3, கிழக்கே 114. உருண்டையான பூமியின் மேல் நூலை இழுத்துப் பிடித்தது போன்ற மிகக் குறுகிய வழியை அளந்தால் 4,005 கிலோமீட்டர், அதாவது 2,160 கடல் மைல் வரும். இன்னொரு தளம் 4,010 என்று காட்டினால் அதுவும் தப்பில்லை. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரம் கொண்ட சீரான உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு விடை, நடுக்கோட்டில் கொஞ்சம் பருத்துத் துருவத்தில் கொஞ்சம் தட்டையான நிஜ வடிவத்தை வைத்துப் போட்டால் சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு விடை. நாலாயிரத்தில் ஐந்து கிலோமீட்டர் என்பது விமானத்துக்கு அரை நிமிடம்கூட இல்லை.

சரி, அந்த ஐந்தரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? இதுபோன்ற தளங்கள் பெரும்பாலும் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டிவிடும். 4,005 வகுத்தல் 800 ஐந்து மணி, கூட அரை மணி. அவ்வளவுதான். கணக்கு மோசமில்லை. ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒரு விமானம் உயரத்தில் மாக் 0.78 வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு, மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டரில் போகும். அந்த வேகத்தில் 4,005 கிலோமீட்டருக்கு 4 மணி 50 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதையும் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதையும் சேர்த்தால் அதே ஐந்தரையை ஒட்டித்தான் வரும். நேராக ஒரு விமானம் பறந்தால் நானும் அந்த எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் அப்படி ஒரு விமானம் கிடையாது. ஏ320 நியோவுக்கு இந்தத் தூரம் பெரிய விஷயமே இல்லை, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். மதுரையிலிருந்து மிரிக்குத் தினமும் 180 பேர் ஏற மாட்டார்கள், வாரத்துக்கு ஒரு முறைகூட அத்தனை பேர் சேர மாட்டார்கள் என்பதுதான் காரணம். ஆகவே ஐந்தரை மணி நேரம் என்பது இல்லாத ஒரு விமானத்தின் நேரம். தளத்துக்கு அதைச் சொல்லத் தெரியாது.

வரைபடத்தை எடுத்து மதுரைக்கும் மிரிக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு இலங்கையின் வடபகுதியைத் தாண்டி, வங்கக் கடலைக் கடந்து, மலாய்த் தீபகற்பத்தைத் தொட்டு, தென்சீனக் கடலின் மேல் போய், மிரி இருக்கும் போர்னியோத் தீவில் முடியும். சிங்கப்பூர் அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது, ஆனாலும் கணக்கைப் பாருங்கள். மதுரையிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 3,014 கிலோமீட்டர், சாங்கியிலிருந்து மிரி 1,158. கூட்டினால் 4,172. நேர்க்கோட்டைவிட 167 கிலோமீட்டர்தான் அதிகம், வானத்தில் பன்னிரண்டு நிமிடம். கோலாலம்பூர் இன்னும் நெருக்கம், அந்த வழியாகப் போனால் கூடுதல் நூறு கிலோமீட்டருக்கும் கீழே. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ‘சுற்றுவழி’ என்று நினைத்து மனம் சோர்ந்து போகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் அம்மா விஷயத்தில் சிங்கப்பூர் சுற்றுவழியே இல்லை, போகிற வழியில் இருக்கிற ஊர். இங்கே இறங்குவதால் தூரம் பெரிதாகக் கூடவில்லை, நேரம்தான் கூடுகிறது. அந்த நேரத்தை அவர் எங்கே கழிக்கப் போகிறார் என்பதுதான் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு.

அதற்கு முன் அட்டவணையில் போடும் நேரம் என்ன நேரம் என்று தெரிந்துகொள்வது நல்லது. விமானச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எடுத்த நொடியிலிருந்து சேரும் இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் நொடி வரை உள்ளதை நாங்கள் பிளாக் டைம் என்போம். அட்டவணையில் இருப்பது அதுதான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டர், பிளாக் டைம் நாலு மணி நேரத்தை ஒட்டி வரும். அதில் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வானில், மற்றது தரையில் ஊர்வது. கூடவே கம்பெனிகள் தாமதத்துக்கு என்று சில நிமிடங்களை உள்ளே வைத்திருப்பார்கள், அதனால்தான் சில நாள் பதினைந்து நிமிடம் முன்னதாகவே வந்து இறங்குகிறோம். சிங்கப்பூரிலிருந்து மிரி 2 மணி நேரத்தை ஒட்டி. நூல் பிடித்த வழியிலேயே விமானம் போவதும் இல்லை. வான்வழிகள் வரையறுக்கப்பட்டவை, ஒரு நாட்டுக் கட்டுப்பாட்டு எல்லையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் புள்ளிகள் உண்டு, சுமத்ராவை ஒட்டி மலாக்கா நீரிணைக்கு மேல் வளைந்து வருவதும் உண்டு. அதனால் நிஜத்தில் பறக்கும் தூரம் நேர்க்கோட்டைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று கூடும்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்குப் பிடித்த விஷயம். மேற்கிலிருந்து கிழக்கே பறந்தால் காற்று முதுகில் தள்ளும், சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் சரி. நம் தென்தமிழ்நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை தலைகீழ். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு வேகமான காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று சொல்லலாம். இதைப் பற்றி 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் நம் இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம். அதன் நடுப்பகுதி 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். விமானம் போகும் 11 கிலோமீட்டர் உயரத்தில் அதன் அடிப்பகுதிதான் கிடைக்கும், ஆனாலும் அது போதும். எங்கள் திட்டத்தாள் நீளமான ஒரு காகிதச் சுருள். வழிப்புள்ளிகளின் ஐந்தெழுத்துப் பெயர்கள் ஒரு வரிசையில், பக்கத்தில் தூரம், அதற்குப் பக்கத்தில் காற்று, நிமிடம், எரிபொருள். ஜூலை மாதத்தில் திருச்சியிலிருந்து வரும் விமானத்துக்கான தாளில் காற்று வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனால் வங்கக் கடல் நடு வரைக்கும் எதிர்க்காற்று என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று வழி நெடுக இருந்தால் மூவாயிரம் கிலோமீட்டருக்குப் பதினான்கு நிமிடம் கூடும். திரும்பி வரும்போது அதே காற்று பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்கும். இவ்வளவுதான் காற்றால் ஆகிற மாற்றம், அம்மாவின் பயணத்தைப் பொறுத்தவரை கால் மணி நேரம். இதை வைத்து மாதத்தை மாற்ற வேண்டாம்.

வானிலையில் கவனிக்க வேண்டியது வேறு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து இடிமழை வரிசையாக வந்து சிங்கப்பூர்மேல் கொட்டும் நாள்கள் உண்டு, இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் இறங்க வேண்டிய விமானங்கள் வானில் சுற்றும், அரிதாகப் பக்கத்தில் இருக்கும் இந்தோனேசியாவின் பாத்தாமுக்கோ மலேசியாவின் செனாய்க்கோ திருப்பிவிடப்படும். அதேபோல நவம்பர் முதல் மார்ச் வரை சரவாக் கரையோரம் மழை பிடித்துக்கொள்ளும். எந்த நாளில் என்று மூன்று வாரம் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. இருபது ஆண்டு இதே வேலை பார்த்த என்னாலும் முடியாது. இதற்கு ஒரே மருந்து இரண்டு விமானங்களுக்கு நடுவே போதிய இடைவெளி விடுவது.

அடுத்து மணிக்கணக்கில் எல்லாரும் தடுமாறும் இடம், இந்திய நேரமும் நம் சிங்கப்பூர் நேரமும். வித்தியாசம் இரண்டரை மணி. மிரியும் சிங்கப்பூரும் ஒரே நேரம்தான், அங்கே போனதும் கடிகாரத்தைத் தொட வேண்டாம். ஒரு காலத்தில் அப்படியில்லை. 1982 ஜனவரி 1-க்கு முன்னால் சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் இந்தியாவைவிட இரண்டு மணி நேரம்தான் முன்னே இருந்தன, சபாவும் சரவாக்கும் அப்போதே இரண்டரை. அந்தப் புத்தாண்டில் நாங்கள் அரை மணி முன்னே தள்ளி மிரியோடு சேர்ந்துகொண்டோம். நான் அப்போது பள்ளிப் பையன், அப்பா நாற்காலிமேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பியது இன்றும் கண்ணில் நிற்கிறது. விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் இந்திய நேரம், சேரும் நேரம் நம் நேரம். இரவு 12.30-க்குத் திருச்சியில் கிளம்பி காலை 7.00-க்குச் சாங்கியில் இறங்குகிறது என்றால் ஆறரை மணி நேரப் பயணம் என்று அம்மா பயப்படுவார். பயணம் நாலு மணி நேரம்தான் என்று சொல்லிவையுங்கள்.

இப்போது கதவிலிருந்து கதவு வரை ஒரு கணக்குப் போடலாம். நேரங்கள் உதாரணத்துக்குத்தான், அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு என்றாலும், திருச்சியில்தான் சேவை அதிகம், தேர்ந்தெடுக்க வழியும் அதிகம். அதனால் திருச்சி என்றே வைத்துக்கொள்வோம். மாலை 6.30-க்குத் திருமங்கலத்தில் கார் ஏறினால் மதுரை தாண்டி, மேலூர், துவரங்குறிச்சி வழியாக மூன்று மணி நேரம், 9.30-க்குத் திருச்சி நிலையம். 12.30-க்கு விமானம். காலை 7.00-க்குச் சாங்கி. பகல் 11.00-க்கு அடுத்த விமானம், 1.00-க்கு மிரி. குடிநுழைவு (இமிக்ரேஷன்) முடித்து, பெட்டி எடுத்து, பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊருக்குள் வந்து சேர 2.15 ஆகிவிடும். மாலை 6.30 என்பது நம் நேரத்துக்கு இரவு 9.00. ஆக மொத்தம் 17 மணி 15 நிமிடம். இதில் விமானத்துக்குள் இருந்தது ஆறு மணி நேரம். மிச்சம் பதினொன்றேகால் மணி நேரமும் கார், வரிசை, காத்திருப்பு. தளம் சொன்ன ஐந்தரை மணி நேரத்துக்கும் அம்மாவின் பதினேழு மணி நேரத்துக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய முழுக்கத் தரையில்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்த 27 மணி நேர டிக்கெட்டில் பறக்கும் நேரம் மட்டும் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய அதே ஆறுதான் வரும், சென்னை போய்ச் சுற்றினால் ஏழு வரும்.

எந்தத் தூரமும் நேரத்தைத் தானாகச் சொல்வதில்லை என்பதற்கு மிரியே நல்ல எடுத்துக்காட்டு. 1910-ல் சரவாக்கின் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டிய ஊர் அது, இன்றும் எண்ணெய் வேலைக்காரர்கள் வந்து போகிற ஊர், உங்கள் மைத்துனரும் அந்த வேலைதானோ என்னவோ. அதே நிலையத்திலிருந்து ட்வின் ஒட்டர் என்ற பத்தொன்பது இருக்கைச் சின்ன விமானம் உள்மலைப் பீடபூமியில் இருக்கும் பாரியோவுக்குப் போகிறது. நேர்த்தூரம் 180 கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். தரைவழியாக மரம் வெட்டும் லாரிகள் போட்ட மண்பாதையில் போனால் ஒரு முழுப் பகலையும் விழுங்கும். அங்கிருப்பவர்கள் ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிக் கேட்டதில்லை, எத்தனை மணி நேரம் என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, சிக்கல் எங்கே வரும் என்பதற்கு வருவோம், உங்கள் கேள்வியில் இதுதான் மிகக் கனமான பகுதி. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா, தனித்தனி டிக்கெட்டா? ஸ்கூட் என்ற விமானக் கம்பெனி திருச்சியிலிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து மிரி இரண்டும் பறக்கிறது, ஒரே பதிவாக வாங்கலாம். ஏர்ஏஷியாவில் திருச்சி–கோலாலம்பூர்–மிரி அதேபோல வாங்கலாம். ஒரே பதிவில் இருந்தால் பெட்டி பொதுவாக மிரி வரை போய்விடும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு, சாங்கியில் அம்மா குடிநுழைவைத் தாண்டாமல் உள்ளேயே இருந்து மாறிக்கொள்ளலாம், சிங்கப்பூர் விசா தேவைப்படாது. தனித்தனியாக, மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கம்பெனியில் முதல் பாதியும் இன்னொரு கம்பெனியில் மறுபாதியும் வாங்கினால் முதல் கம்பெனிக்கு அம்மா சிங்கப்பூர்ப் பயணி, மிரி பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. பெட்டியை இங்கே வெளியே வந்து எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். வெளியே வர விசா வேண்டும். இந்தியக் கடப்பிதழுக்கு (பாஸ்போர்ட்டுக்கு) 96 மணி நேர விசா இல்லா இடைவழிச் சலுகை ஒன்று உண்டு, ஆனால் அதற்கு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற குறிப்பிட்ட சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் இருக்க வேண்டும். முதல்முறை பயணம் போகும் அம்மாவுக்கு அது பொருந்தாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவைப் பினாங்கில் இருக்கும் அவர் மகனிடம் அனுப்ப நான்தான் டிக்கெட் போட்டேன். விமானங்களோடே புழங்குகிறவன் என்ற துணிச்சலில் தனித்தனி டிக்கெட். அப்போது இந்தியர்களுக்கு மலேசிய விசா தேவை, அதை எடுத்துவிட்டோம். சிங்கப்பூரில் நாலு மணி நேரம்தானே, நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டேன். தமிழ்நாட்டு விமான நிலையக் கவுன்டரில் அந்தப் பெண் கடப்பிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சிங்கப்பூர் விசா எங்கம்மா?” என்று கேட்டிருக்கிறார். பெரியம்மா ஒரு கையில் ஊறுகாய் ஜாடியைத் துணியில் சுற்றிப் பிடித்தபடி, மலேசிய விசா ஒட்டிய பக்கத்தையே திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறார். ஏற்றவில்லை. அந்தப் பெண்மீது குறை இல்லை, விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் திருப்பிக் கொண்டுபோகும் பொறுப்பு கம்பெனிமேல் விழும். நான் இங்கே சாங்கியில் நின்றுகொண்டிருந்தேன், அவர் அங்கே ராத்திரி ஒரு மணிக்கு ஊருக்குப் பஸ் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். அதற்கு அப்புறம் அவர் விமானம் ஏறவே இல்லை. நான் போட்ட ஆயிரக்கணக்கான திட்டத்தாள்களில் ஒன்றுகூட இன்று நினைவில்லை, இது மட்டும் மறக்கவில்லை.

ஆகவே என் யோசனையைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. நீங்கள் இங்கே இருக்கிறீர்கள், சிங்கப்பூர் வழியில் இருக்கிறது. அம்மாவுக்குச் சிங்கப்பூர் விசா எடுத்துவிடுங்கள். குடியுரிமை உள்ளவரோ நிரந்தரவாசியோ இங்கிருந்து விண்ணப்பிக்க வழி இருக்கிறது, குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் விவரம் உண்டு. மதுரையிலோ திருச்சியிலோ நேர் விமானத்தில் ஏற்றி இங்கே இறக்கி, இரண்டு மூன்று நாள் உங்கள் வீட்டில் தூங்கி எழட்டும். பேரப்பிள்ளைகள் யாராவது இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் ஒரு சனிக்கிழமை நீங்களே கூடப் போய் மிரியில் விட்டுவிட்டு ஞாயிறு திரும்பிவிடலாம், இரண்டு மணி நேரம்தானே. அப்போது டிக்கெட் தனித்தனியாக இருந்தாலும் பயமில்லை, முதல் விமானம் ஆறு மணி நேரம் தாமதமானாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. இது முடியாது, நேரே போகத்தான் வேண்டும் என்றால் ஒரே பதிவில் வாங்குங்கள், நடுவே மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி வையுங்கள், ஐந்து இருந்தாலும் பரவாயில்லை. தளம் ஒரு மணி 20 நிமிட இடைவெளியைக் காட்டி இதுவே வேகமான வழி என்று சொல்லும். ஓடத் தெரிந்த இளைஞருக்கு அது சரி.

சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். நடக்க முடிகிற அம்மாவுக்கு எதற்கு என்று பலர் கூச்சப்படுகிறார்கள். அது காலுக்காக மட்டும் இல்லை, வழி தெரியாதவரைக் கையைப் பிடித்து அடுத்த வாசலில் கொண்டுபோய் உட்கார வைக்கிற ஏற்பாடு. சாங்கியில் முதல் மூன்று முனையங்களுக்கு இடையே ஸ்கைடிரெயின் என்ற குட்டி ரயில் ஓடுகிறது, நான்காவதுக்குப் பேருந்துதான். எந்த முனையத்தில் இறங்கி எதில் ஏறுகிறார் என்பதை டிக்கெட் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலேசியப் பக்கம் இரண்டு விஷயம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்து அதை நீட்டித்து வருகிறார்கள். அம்மா போகும் தேதிக்கு அது நடப்பில் இருக்கிறதா என்று மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அந்த வாரம் பார்த்துவிடுங்கள், யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நான் சொல்வது உட்பட. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்குள் வந்தால் இங்கேயும் அதேபோல ஒன்று. இரண்டாவது, சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு. கோலாலம்பூர் வழியாகப் போனாலும் மிரியில் இறங்கியதும் மறுபடி கடப்பிதழைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும், உள்நாட்டு விமானம்தானே என்று கடப்பிதழைப் பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது. பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறவர் 30 நாளில் திரும்ப மாட்டார், அதுதான் எனக்கு உறுத்துகிறது. பத்தியம், குழந்தை குளிப்பாட்டுவது என்று மூன்று மாதம் ஆகும். அதற்கு முன்கூட்டியே என்ன அனுமதி எடுக்க வேண்டும் என்று உங்கள் மைத்துனர் மிரியில் உள்ள குடிநுழைவு அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்கட்டும். இது என் துறை அல்ல. ஆனால் டிக்கெட்டின் திரும்பும் தேதி இதைப் பொறுத்துத்தான் இருக்கும், அதனால் டிக்கெட்டுக்கு முன் இதை முடியுங்கள்.

உடல்நிலை பற்றி நான் சொல்லத் தகுதியில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை ஏதாவது இருந்தால் பதினேழு மணி நேரக் கணக்கை மருத்துவரிடம் அப்படியே சொல்லி மாத்திரை வேளையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தரை மணி நேரப் பயணம் என்று சொல்லிவிடாதீர்கள், அவர் அதற்குத் தகுந்த மாதிரி சொல்லிவிடுவார். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

கடைசியாக அந்தக் கைப்பை. பிரசவ லேகியம், நல்லெண்ணெய், வீட்டில் காய்ச்சிய குழந்தை எண்ணெய், இதெல்லாம் இல்லாமல் எந்த அம்மாவும் கிளம்ப மாட்டார். லேகியம் திரவம் இல்லையே என்று தோன்றும். பாதுகாப்புச் சோதனையில் குழைவாக இருப்பதெல்லாம் திரவக் கணக்குதான், நூறு மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளும் டப்பாவைக் கைப்பையில் விட மாட்டார்கள், பாதி டப்பாதான் இருக்கிறது என்றாலும் கேட்க மாட்டார்கள். திருச்சியில் தப்பினாலும் சாங்கியில் வாசலுக்கு முன் இன்னொரு சோதனை இருக்கிறது. எல்லாவற்றையும் இறுக மூடி, பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஏற்றி அனுப்பும் பெரிய பெட்டியின் நடுவில் புடவைகளுக்குள் வைக்கச் சொல்லுங்கள். பயணத் தேதி முடிவானதும் எந்த விமானம் என்று எழுதுங்கள், இடைவெளி போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.